பதினான்காம் குழி

முப்பத்தெட்டு சென்டிமீட்டரில்
மதலைமுத்துவின் கடப்பாரை
டங்கென்று பதில் வாங்கியது.
"அவ்வளவுதான் மேடம்.
இதுக்குக் கீழே போகணும்னா
கூலி வேற பேசணும்."

வல்லத்துக்குத் தெற்கே காப்புக்காடு.
கார்த்திகை. மழை விட்டு இரண்டு நாள்.
வாங்கிய செருப்பைத்
திருப்பித் தர மனமில்லாத தரை.

இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி, வெண்ணாற்றங்கரையில்
போர் போடுகிறவர்களுக்கு
எண்பது அடியிலும் கல் தட்டாது.
வண்டல், அதன்கீழ் மணல், மறுபடி வண்டல்.
வரைபடத்தில் டெல்டாவுக்குப் பச்சையடித்தவர்
கை நடுங்கி இந்த மேட்டையும் நனைத்துவிட்டார்.
காவிரிக்கு அது தெரியாது.

குழிக்குள் இறங்கி உட்கார்ந்தால்
காடு என் இடுப்பு வரைக்கும்கூட இல்லை.
மேலே நாலு விரல் கறுப்பு:
வீரை இலை, காசான் இலை,
அழுகத் தொடங்கிப் பாதியில் அயர்ந்தவை.
அதன்கீழ் சாம்பல்,
மூச்சு முட்டிய மண்ணுக்கு வரும் நிறம்.
சாம்பலுக்குள் காவிப் பொட்டுகள்,
செத்த வேர் விட்டுப்போன சந்துகள் நெடுக.
காற்று எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது,
எல்லாம் இரும்பு துருவால் எழுதிவைத்திருக்கிறது.
கட்டியை உடைத்து முகர்ந்தேன்.
ஊசிப்போன முட்டை.

அப்புறம் பாறை.
காவிரிக்கும் முந்தி எவளோ ஒருத்தி
சுமந்து வந்து கொட்டிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போன மணல்.
இதுவும் ஒருகாலத்து வண்டல்தான்.
காத்திருந்து காத்திருந்து கல்லாகிவிட்டது.

படிவத்தில் 'வடிகால்' என்றொரு கட்டம்.
'மிக மோசம்' என்று டிக் அடிக்கும்போது
நோட்டில் சொட்டியது
மழையா வியர்வையா தெரியவில்லை.
போக வழியில்லாத தண்ணீர்
குழியின் மூலையில்
அழைக்காமல் வந்த விருந்தாளியாய்
நிற்கவும் கூசி, போகவும் தெரியாமல்.

பங்குனியில் வாருங்கள்,
இதே இடம் சுட்ட ஓடு.
மூன்று மாதம் மூழ்கி
ஐந்து மாதம் நா வறண்டு
மிச்ச நாளில் ஒரு நாவல் மரம்
தளிர்த்து, பூத்து, பழுத்து, உதிர்ந்து
எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

முடித்த ஒன்று அங்கே கிடந்தது,
புயல் வருஷத்திலிருந்து.
சாய்ந்த மரத்தின் அடியில் வேர்த்தட்டு
தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல்
செங்குத்தாக, வட்டமாக, மெலிதாக.
"ஆணிவேரைக் காணோமே?"
"பாறைகிட்ட விசாரிங்க மேடம்."

அது பெயர்ந்த பள்ளத்தில்
முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர்.
ஓரத்து ஈர மணலில்
காசு காசாய்ச் சிவப்பு.
குனிந்தேன். அழுகண்ணி.
ஒவ்வொரு மயிர் முனையிலும் ஒரு துளி,
ஒரு துளியில் கால் மாட்டிய கொசு
இன்னும் உதறிக்கொண்டிருந்தது.
மண்ணிடம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும்
வானத்தில் பறப்பதைப் பிடித்துத் தின்னக்
கற்றுக்கொண்ட செடி.
பெயரில் மட்டும்தான் அழுகை.

'பரிந்துரை' கட்டம் காலியாக இருந்தது.
மேலிடத்துக்குத் தேக்கு வேண்டும்.
பாறையை உடை, வாய்க்கால் வெட்டு என்று
எழுதினால் கோப்பு நகரும்.
'முப்பத்தெட்டு செ.மீ.' என்று மறுபடி எழுதினேன்,
ஏற்கெனவே எழுதியதுதான்.
அதன்கீழ் ஒரு கோடு.

குழியை மூடச் சொன்னேன்.
எடுத்த மண்ணையெல்லாம் தள்ளியும் நிரம்பவில்லை.
கொஞ்சம் என் செருப்பில், கொஞ்சம் பையில்,
மிச்சத்தைத் தண்ணீர் தின்றிருக்கும்.
மதலைமுத்து கடப்பாரையைத் தோளில் போட்டு
சிவப்பை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பதினைந்தாவதற்கு நாற்பது அடி நடப்பதற்குள்
பின்னால் ஒரு தவளை
பதினான்கில் குடியேறிவிட்டதை
ஊருக்கே சொல்லத் தொடங்கியது.